சிக்கனச் சட்டிக் குடும்பம்

முட்டைக்கோஸின் நடுத்தண்டைத் தூக்கி எறிகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வெளித்தோலைச் சற்றுத் தடிப்பாகச் சீவிவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியை மெல்லிய வில்லைகளாக நறுக்கிப் பாருங்கள். அந்தக் காயிலேயே இனிப்பான பாகம் அதுதான். முதலிலிருந்து சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன் ஐயா. எனக்கு எந்தச் சமையலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

நான் 'சிக்கனச் சட்டி' நிகழ்ச்சியின் சமையல்காரி. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் பார்க்காவிட்டாலும் பக்கத்து வீட்டிலிருந்து அதன் தொடக்கப் பாட்டுக் கேட்டிருக்கும். கையில் இருக்கிற சொற்பக் காசில் ஒரு குடும்பம் வயிறாரச் சாப்பிடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் நிகழ்ச்சி. "சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு சொல்வாங்க. சட்டியில இல்லாட்டியும் வர வைக்கிறேன், வாங்க" என்று நிகழ்ச்சியை நடத்தும் சிக்கன அண்ணி சிரித்துக்கொண்டே தொடங்குவார். அவரைத்தான் நீங்கள் சமையல்காரி என்று நினைத்திருப்பீர்கள். தப்பில்லை, ஊரே அப்படித்தான் நினைக்கிறது.

அண்ணி நல்ல மனுஷி. அவரைப் பற்றித் தப்பாக ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் வெங்காயம் நறுக்கினால் கண் மை கரைந்துவிடும் என்பதால் மூன்று துண்டோடு நிறுத்திக்கொள்வார். வாணலியில் நாலு கிளறு கிளறி, மூடி போட்டு, "இது பாட்டுக்கு மெதுவா வேகட்டும்" என்பார். வாய் மூடும் முன் குனிந்து, மேடைக்கு அடியிலிருந்து வெந்து இறக்கிய சட்டி ஒன்றை எடுத்து மேலே வைப்பார். அந்தச் சட்டி என்னுடையது.

அரங்கத்துச் சுவருக்குப் பின்னால் எனக்கு ஒரு பின்னறை கொடுத்திருந்தார்கள். இரண்டு அடுப்பு, ஒரு தொட்டி, ஒரு முக்காலி. அண்ணியின் சமையல் மேடைக்கு நேர் கீழே, சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. சட்டி நுழையும், ஆள் நுழைய முடியாது. அதைத் திறந்தால் எனக்குத் தெரிவது அண்ணியின் பாதங்கள் மட்டும். மற்றபடி அந்த அரங்கத்தில் நடந்ததெல்லாம் எனக்குக் காது வழியாக வந்ததுதான். சட்டி கீழேயிருந்து வருவதால் என்னை எல்லோரும் கீழக்கா என்று கூப்பிட்டார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

குடும்பத்துக்கான நிகழ்ச்சி என்றால் சாப்பிட ஒரு குடும்பம் வேண்டும் அல்லவா. அண்ணி சமைத்து முடித்ததும் மேசையில் நாலு பேர் உட்கார்வார்கள். அப்பா, அம்மா, மாமியார், பையன். நாலு பேருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்பா வெளியே இன்சூரன்ஸ் பிடிக்கிறவர். அம்மா வேற்றுமொழித் தொடர்களுக்குக் குரல் கொடுக்கிறவர். அழுகைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது என்பார்கள். மாமியார் உண்மையில் அம்மாவைவிட இளையவர். சொந்தமாக அழகு நிலையம் வைத்திருக்கிறார், தலையில் வெள்ளைப் பவுடரைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்வார். பையன் மட்டும் நிகழ்ச்சி தொடங்கியபோது நிஜமான பள்ளிக்கூடப் பையன். நேயர்களுக்கு முகம் பழகிவிட்டது என்று டைரக்டர் அவனை மாற்றவேயில்லை. இப்போது அவனுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. படப்பிடிப்பு அன்று இரண்டு தரம் சவரம் செய்துகொண்டு அரைக்கால் சட்டை போட்டுக்கொள்வான்.

அவர்கள் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன். கரண்டி தட்டில் படும் சத்தம், கொஞ்சம் அமைதி, பிறகு நாலு குரலும் சேர்ந்து, "ம்ம்ம்... அருமை."

அந்தச் சொல் எனக்கு என்னவாக இருந்தது என்று உங்களுக்குப் புரிய வேண்டும். என் வீட்டுக்காரர் இருந்தவரை தட்டைப் பார்த்துச் சாப்பிட்டதே இல்லை. உப்புக் கூடினால் மட்டும் வாயைத் திறப்பார். உப்புச் சரியாக இருந்த நாட்களில் எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது. அவர் காலமான பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். வந்த முதல் நாளே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'அருமை' என்று கேட்டது. பின்னறையில் நின்றபடியே அழுதேன். எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கே அவர்கள் என் குடும்பமாகிவிட்டார்கள்.

குடும்பம் என்று ஆன பிறகு சிக்கனம் பார்க்க மனம் வருமா? அண்ணி மேலே உருளைக்கிழங்குத் தோலில் சூப் வைத்தால், நான் கீழே அதே சூப்பில் வெண்ணெயும் பாலேடும் எலும்புச் சாறும் சேர்ப்பேன். என் கைக்காசுதான். நிகழ்ச்சிக்குக் கடிதங்கள் வரும். "அண்ணி, நீங்க சொன்னபடியேதான் செஞ்சேன், வீட்ல யாரும் வாயில வைக்கல, என் கைதான் சரியில்ல போல" என்று ஒரு பெண் எழுதியிருந்தார். இன்னொருவர் வீட்டில் தட்டு ஜன்னல் வழியாகப் போய் விழுந்ததாம். படித்தபோது சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஊருக்கும் சேர்த்து வெண்ணெய் வாங்க என்னால் முடியுமா?

இப்படியே போயிருக்கும். அரங்கத்தைக் கவனித்துக்கொள்கிற ஃப்ளோர் மேனேஜருக்கு இருமல் வந்திருக்காவிட்டால் கடைசி வரை நான் ஒன்றும் தெரியாமல் சட்டி நீட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

அன்று பருப்பும் பூசணி விதையும் சேர்த்து ஒரு சமையல். கரண்டிச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. நான் காதைச் சுவரில் வைத்தேன். யாரோ விடாமல் இருமினார்கள். அந்த நேரம் முழுக்க நாலு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உப்பு விட்டுப்போயிற்றோ என்று உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தேன். அப்புறம் மேனேஜரின் குரல் கேட்டது.

"சாரி சாரி, கை தூக்க மறந்துட்டேன்."

உடனே, "ம்ம்ம்... அருமை."

படப்பிடிப்பு முடிந்ததும் அவரைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, இருமலுக்கு வெந்நீர் கொடுத்து, அது என்ன கை என்று கேட்டேன்.

"அவங்களுக்கு எப்ப பேசணும்னு எப்படித் தெரியும்க்கா? நான் ஒரு கை தூக்கினா 'அருமை'. ரெண்டு கையும் தூக்கினா 'அண்ணி, இன்னும் கொஞ்சம்'. கையை ஆட்டினா மாமியார் கண்ணைத் தொடச்சுக்கணும்."

"எல்லா நாளுமா?"

"முதல் நாள்லேருந்தே."

"அப்ப, சாப்பாடு?"

"அதை யாருக்கா முழுங்குறாங்க? மேசைக்கு அடியில வாளி இருக்குல்ல. கட் சொன்னதும் துப்பிருவாங்க. அப்புறம் வெளியிலேருந்து பார்சல் வரும். இவ்வளவு வருஷமா உங்களுக்குத் தெரியாதா?"

அந்த வாளியை எனக்கு நன்றாகத் தெரியும் ஐயா. தினமும் அதைக் கழுவி வைத்ததே நான்தான். தட்டு அலம்பிய தண்ணீர் என்று நினைத்திருந்தேன்.

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. அந்த வாளியை இன்னொரு தரம் கழுவி வைத்தேன், அவ்வளவுதான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு தரம், ஒரே ஒரு தரம், யாரும் கை தூக்காமல், அந்த நாலு பேரில் ஒருவராவது நான் சமைத்ததை முழுங்கிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தானாகச் சொல்ல வேண்டும். சமைக்கிறவள் இதைக்கூடக் கேட்கக் கூடாது என்றால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நேராகவே கேட்டும் பார்த்தேன். மறுநாள் நாலு டப்பாவில் வெண்ணெய் போட்டு வதக்கிய காய்களை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, காரில் ஏறப்போன அப்பாவிடம் ஒன்றை நீட்டினேன். அவர் டப்பாவைக் கையில் வாங்கிய உடனே, "அருமைக்கா, அருமை" என்றார். மூடியைத் திறக்கவேயில்லை. மாமியார் டயட்டில் இருப்பதாகச் சொன்னார். பையன் வாங்கித் தன் காரின் பின்சீட்டில் வைத்தான். அடுத்த வாரம் அது அங்கேயே பூசணம் பிடித்து இருந்தது. அம்மா மட்டும், "நாளைக்குச் சாப்பிடறேன்க்கா" என்று என் கையைத் தொட்டார். அவர் குரலில் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும், அது அவர் தொழில்.

இதற்கிடையில் சேனல் புதுக் கட்டடத்துக்குப் போவதாக அறிவித்தார்கள். பழைய அரங்கத்தைக் காலி செய்து இடிக்கக் கொடுக்கப் போகிறார்களாம். புது இடத்தில் பின்னறை கிடையாது, சட்டிகள் வெளியிலிருந்து வண்டியில் வரும், எனவே கீழக்காவுக்கு நன்றி என்று ஒரு பூங்கொத்துக் கொடுத்தார்கள். காகிதப் பூ. அதைச் சமைக்கக்கூட முடியாது.

கடைசிப் படப்பிடிப்பு அந்த அரங்கத்தில் நடந்தது. முடிந்ததும் கேமராக்களையும் விளக்குகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். என் குடும்பம் மட்டும் மேசையில் உட்கார்ந்து பார்சலுக்காகக் காத்திருந்தது. பார்சல் வாசலுக்கு வந்தபோது நான் வாங்கிக்கொண்டேன். பிறகு அரங்கத்தின் பெரிய கதவை வெளியிலிருந்து சாத்திப் பூட்டினேன். சத்தம் புகாமல் இருக்கப் பஞ்சு வைத்துத் தைத்த கதவு அது. உள்ளே யானை பிளிறினாலும் வெளியே கேட்காது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு இருக்கிறது. அதையும் போட்டேன்.

அந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படப்பிடிப்பில் வேலை செய்தவர்களுக்கு அது சாமி மாதிரி. எரிகிறபோது முதலாளியே வந்தாலும் கதவைத் தொட மாட்டார். காவலாளி சுற்றி வந்தபோது விளக்கைப் பார்த்து நின்றார்.

"இன்னும் முடியலையாக்கா?"

"விட்டுப்போன காட்சி கொஞ்சம் எடுக்கணும், பேட்ச் வேலை."

"சரி சரி" என்று கிசுகிசுத்துவிட்டு, பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்து போனார். அதற்குப் பிறகு வந்தவர்களையும் அவரே உதட்டில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினார். இடிக்கிற ஒப்பந்தக்காரர் இரண்டு முறை வந்து, விளக்கைப் பார்த்துவிட்டு, தொந்தரவு பண்ண வேண்டாம் என்று போயிருக்கிறார். யாராவது கதவைத் தட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இது என் தரப்பு வாதம் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அவர்களுடைய போன்கள் என்னிடம்தான் இருந்தன. அரங்கத்துக்குள் போன் கூடாது, வாசலில் கூடையில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அது எப்போதும் உள்ள விதி. வீட்டில் கவலைப்படக் கூடாதே என்று, வெளியூர் படப்பிடிப்பு, வர நாளாகும் என்று நாலு வீட்டுக்கும் செய்தி அனுப்பினேன். நாலு போனுக்கும் திறக்கும் எண் ஒன்றேதான், நிகழ்ச்சி தொடங்கிய தேதி. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். அப்பாவின் மனைவி, 'வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க' என்று பதில் போட்டிருந்தார். பையனின் மனைவி முத்தம் கொடுக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினாள். நானும் ஒன்று திருப்பி அனுப்பினேன், சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. அம்மாவுக்கு மட்டும் யாரும் எதுவும் அனுப்பவில்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது.

முதல் நாள் நான் பட்டினி போடவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். என்னால் முடிந்ததில் மிகச் சிறந்ததைச் சமைத்தேன். வெண்ணெயில் வதக்கிய காளான், முட்டை, பாலேடு. சின்னக் கதவு வழியாக நீட்டிவிட்டுக் காத்திருந்தேன். அப்பா குனிந்து அந்த வழியாக எட்டிப் பார்த்தார். இவ்வளவு வருஷத்தில் என் முகத்தை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"கீழக்கா, கதவு ஏன் பூட்டியிருக்கு? டைரக்டர் எங்க?"

"எல்லாரும் போயிட்டாங்க. நீங்க சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். நாலு பேரும் சேர்ந்து, "ம்ம்ம்... அருமை" என்றார்கள். சட்டியின் மூடியை இன்னும் திறக்கவில்லை.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கதவைத் திறக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டுச் சொன்னாலும் அதற்காகத்தான் சொல்வார்கள். அம்மா வந்து குனிந்து, "அக்கா, சத்தியமா, என் வாழ்க்கையிலேயே இப்படி ஒண்ணு சாப்பிட்டதில்ல" என்று தேம்பினார். தேம்பல் அற்புதமாக இருந்தது, சட்டி அப்படியே இருந்தது. அவர்களுக்கு வெளியே போக ஆசை இருக்கிறவரை அவர்கள் நாக்கை நான் நம்ப முடியாது. அந்த ஆசையைவிடப் பெரிதாக ஒன்று வந்தால்தான் உண்மை வரும். சட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு சின்னக் கதவைத் தாழ் போட்டேன்.

அந்தக் காளானைக் காவலாளிக்குக் கொடுத்தேன். அவர் சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "என்னக்கா இப்படிச் சமைக்கிறீங்க, எங்க வீட்ல சொன்னா நம்ப மாட்டாங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் காவலாளி. எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார்.

அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றுதான். பசி வரட்டும் என்று விட்டுவிட்டேன். தண்ணீருக்குக் குறைவில்லை, மேக்கப் அறையும் கழிவறையும் அரங்கத்துக்குள்ளேயே இருந்தன. நான் என்ன மிருகமா? எத்தனை நாள் என்பதில் உங்கள் கணக்குக்கும் என் கணக்குக்கும் ஒத்துப்போகவில்லை. பின்னறையில் ஜன்னல் இல்லை, அதனால் என் கணக்கை நான் வற்புறுத்தவில்லை.

சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் கதவை உதைத்தார்கள். பிறகு சண்டை போட்டார்கள். கேமராவில் யார் முகத்தை யார் மறைத்தார்கள் என்று பழைய கதையெல்லாம் வந்தது. "உங்களால என் பக்கவாட்டு முகம் ஒரு தடவைகூட வந்ததில்ல" என்று மாமியார் அப்பாவைப் பார்த்துக் கத்தினார். பிறகு சண்டை போடவும் தெம்பில்லை. அரங்கத்து அலமாரியில் அழகுக்கு வைத்திருந்த மெழுகு ஆப்பிள்களைப் பையன் கடித்திருக்கிறான். கண்ணாடி ஜாடிகளில் பருப்புப் போல் தெரிவதற்காக உள்பக்கம் கோந்து தடவி ஒட்டிய பருப்பை, அம்மா நகத்தால் சுரண்டி நாலு பங்காக வைத்ததாகப் பிற்பாடு தெரிந்தது. அவையெல்லாம் சேனல் சொத்து. நான் சேதப்படுத்தியதாக எழுதிவிடாதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில்தான் அவர்கள் ஒரு குடும்பமாக ஆனார்கள். "அத்தைக்கு முதல்ல குடுங்க" என்று அம்மா சொன்னது எனக்குக் கேட்டது. யாரும் எழுதிக் கொடுக்காத வசனம் அது. தன்னைவிடச் சின்னவரை அத்தை என்று கூப்பிடுகிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. பையன் தன் பங்கை அப்பாவிடம் தள்ளினான். "நீ சாப்பிடுப்பா, உனக்குக் குழந்தை இருக்கு" என்று அப்பா சொன்னார். அண்ணி இதைப் பார்த்திருந்தால் நிச்சயம் அழுதிருப்பார். கண் மையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

சத்தம் நன்றாக அடங்கிய பிறகு அடுப்பைப் பற்றவைத்தேன். இந்த முறை வெண்ணெய் இல்லை, பாலேடு இல்லை. கோஸ் தண்டு, உருளைக்கிழங்குத் தோல், ஒரு வெங்காயத்தின் வெளிச்சருகு, தண்ணீர். அண்ணி நேயர்களுக்குச் சொன்னது எதுவோ அதுவேதான், ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தக் கடிதம் எழுதிய பெண்களுக்காகவும் இதை நான் செய்தேன் என்றே சொல்லலாம். நிகழ்ச்சி பொய்யா, உண்மையா என்று யாராவது ஒருவர் பார்த்துத்தானே ஆக வேண்டும். சட்டியை நீட்டிய பிறகுதான் உப்புப் போட மறந்தது ஞாபகத்துக்கு வந்தது. என் வீட்டுக்காரர் முகம் கண்முன் வந்தது.

கரண்டிச் சத்தம் கேட்கவில்லை. கரண்டி எடுக்கவில்லை என்று பிறகு புரிந்தது. முழுங்கும் சத்தம் கேட்டது. நாலு பேர் முழுங்கும் சத்தம். இவ்வளவு வருஷத்தில் அதை நான் கேட்டதே இல்லை. சட்டியைக் கையால் வழிக்கிற சத்தம். அப்புறம் பையனின் குரல், மெதுவாக, எனக்குச் சொல்வதாகக்கூட இல்லாமல்.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

அம்மா அழுதார். தொடர்களில் அவர் அழுவது எனக்குத் தெரியும். இது அது இல்லை. மூக்கால் அழுதார், அசிங்கமாக, நிஜமாக.

நான் முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது. கல்யாணம் ஆன நாளில்கூட நான் அப்படி இருந்ததில்லை.

அப்போதே திறந்துவிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். திறந்திருக்கலாம்தான். ஆனால் ஒருமுறை நன்றாக வந்துவிட்டால் அது குருட்டு அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். மறுபடி மறுபடி அதே பக்குவம் வந்தால்தான் சமையல். அதே பக்குவம் வர வேண்டும் என்றால் சேர்மானமும் அதேயாக இருக்க வேண்டும். தண்டு, தோல், சருகு, தண்ணீர், முன்னால் அதே அளவு இடைவெளி. இடைவெளியைக் குறைத்தால் ருசி குறைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அதனால் குறைக்கவில்லை. ஒரு தரம் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். அன்றைக்கு இன்னும் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

கடைசியில் காவலாளி இல்லாத நேரத்தில் ஏசி கழற்ற வந்த மெக்கானிக் வெளியே இருந்த மாற்றுச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். அவர் சேனலுக்குப் புதியவர், சிவப்பு விளக்கைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் உள்ளே நாலு பேர் மேசையில் உட்கார்ந்து சட்டியை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், ஏதோ காட்சி நடக்கிறது என்று நினைத்து ஓரமாக நின்றுவிட்டாராம். அது முடியவேயில்லை என்றதும்தான் சந்தேகம் வந்திருக்கிறது. அவரைக் கண்டதும் மாமியார் எழுந்திருக்கப் பார்த்து விழுந்துவிட்டார். வெளியே போகக் கதவு திறந்திருந்தது ஐயா. ஆனாலும் பையன் முதலில் சின்னக் கதவுப் பக்கம் வந்து குனிந்து, "கீழக்கா, இன்னும் கொஞ்சம்" என்றான். மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள், அவர் அப்போது ஒரு கையையும் தூக்கவில்லை. கருவிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சரி, உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கதவைப் பூட்டியது நான். போன்களை எடுத்தது நான். பார்சலை வாங்கி வைத்துக்கொண்டது நான். உள்ளே அவர்கள் சுருண்டு கிடந்தபோது சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அடுத்த சட்டிக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் 'பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தாள்' என்ற வரியை அடித்துவிடுங்கள். நான் அவர்களுக்குச் சாப்பாடுதான் கொடுத்தேன். இவ்வளவு வருஷம் வாளிக்குக் கொடுத்ததை இப்போது அவர்களுக்குக் கொடுத்தேன்.

காலையில் நீங்கள், "பசி ருசி அறியாதும்மா" என்றீர்கள். அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அடுப்படிப் பக்கம் போகாதவர்கள். உங்களை மனதில் வைத்துச் சொல்லவில்லை.

அதோடு இன்னொன்றும் சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ஆஸ்பத்திரியில் நாலு பேருக்கும் வெறும் அரிசிக் கஞ்சி கொடுத்ததாகவும், உப்புக்கூடப் போடாத கஞ்சி என்றும், அதைக் குடித்துவிட்டு நாலு பேரும் அழுதுகொண்டே ரொம்ப நல்லா இருக்கு என்று சொன்னதாகவும் சொன்னீர்கள். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் என்னவோ புரிந்துகொள்ள வேண்டும் என்பது போல. எனக்குப் புரிந்தது ஐயா. என் பக்குவத்தை யாரோ வெளியே சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரிச் சமையல்காரர் யார், எங்கே கற்றுக்கொண்டார் என்று விசாரியுங்கள். இந்தப் புகாரையும் இதே காகிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே என் கையெழுத்துக்கு முன்னால் இடம் இருக்கிறது.